பார்க்காத பந்தயத்தை எழுதியவர்கள்

யூலை மாதத்தில் ஒரு நாள் தூர் து பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் உங்கள் ஊர் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே தெருவை மறித்துவிடுவார்கள். மடக்குக் கதிரை, தண்ணீர்ப் போத்தல், குடை, பிள்ளைகள் என்று சனம் வந்து இடம்பிடிக்கும். மத்தியானம் கழிய விளம்பர வண்டிகள் ஊர்வலமாக வந்து தொப்பியும் இனிப்பும் எறிந்துவிட்டுப் போகும். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஹெலிகொப்டர் சத்தம், பொலிஸ் மோட்டார் சைக்கிள்கள், ஒரு காற்று. நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர், பல நிறங்களில், ஒரே இரைச்சலாக உங்கள் முன்னால் வந்து போய்விடுவார்கள். யார் முன்னால் போனார், யார் பின்தங்கினார், யாருடைய முழங்காலில் இரத்தம் என்று ஒன்றும் பிடிபடாது. முழுதாக அரை நிமிடமும் இராது.

வேறெந்த விளையாட்டிலும் நேரில் போனவர் இவ்வளவு குறைவாகப் பார்ப்பதில்லை. உதைபந்தாட்டம் பார்க்கப் போனவர் வீட்டுக்கு வந்து கதை சொல்வார். சைக்கிள் பந்தயம் பார்க்கப் போனவர் வீட்டுக்கு வந்து, என்ன நடந்தது என்று மற்றவரிடம் கேட்பார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவந்தவர்கள் பத்திரிகை நிருபர்கள். அவர்கள் சொன்ன பதிலில் எவ்வளவு கண்டது, எவ்வளவு கேட்டது, எவ்வளவு புனைந்தது, எவ்வளவு தெரிந்தும் விழுங்கியது என்று எண்ணிப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம்.

எனக்கும் இந்தப் பந்தயம் முதலில் தாளில்தான் அறிமுகமானது. பிரான்ஸுக்கு வந்த புதிதில், எங்களில் பாதிப்பேரைப் போல, ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினேன். தலைமைச் சமையற்காரர் வாசித்து முடித்த லெக்கிப் பத்திரிகை பிற்பகலில் உருளைக்கிழங்குத் தோல் போடும் வாளிக்குப் பக்கத்தில் கிடக்கும். அதை எடுத்து எழுத்துக்கூட்டுவேன். பிரெஞ்சு மொழியில் நான் ஒழுங்காகப் படித்த முதல் வினைச்சொற்கள் தாக்கு, தப்பு, விழு, எழும்பு, கைவிடு என்பவை. அகதி விண்ணப்பம் எழுதும்போது அவை எல்லாமே உதவின.

அந்தப் பத்திரிகையின் தாய்ப் பத்திரிகைதான் இந்தப் பந்தயத்தைப் பெற்றது. பந்தயம் இருந்ததால் பத்திரிகை எழுதவில்லை. பத்திரிகைக்கு எழுத ஏதாவது வேண்டுமென்பதால் பந்தயம் உண்டானது.

கதை ஓர் அரசியல் சண்டையில் தொடங்குகிறது. பிரெஞ்சு இராணுவத்தின் யூதக் கப்டன் அல்ஃப்ரெட் த்ரைஃபுஸ் மீது பொய்யாக உளவுக் குற்றம் சுமத்தப்பட்டு நாடே இரண்டாகப் பிளந்திருந்த காலம். பச்சைத் தாளில் அச்சாகிய லு வெலோ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் பியேர் ஜிஃபார், த்ரைஃபுஸின் பக்கம் நின்றவர். அவருக்குப் பெரும் விளம்பரம் கொடுத்துவந்த கார் உற்பத்தியாளர் து தியோன் எதிர்ப்பக்கம். 1899 இல் ஓத்தேய் குதிரைப் பந்தயத் திடலில் ஜனாதிபதி லூபேயின் தலையில் ஒரு பிரபு கைத்தடியால் அடித்த குழப்பத்தில் து தியோனும் பிடிபட்டுச் சில நாட்கள் சிறையிருந்தார். ஜிஃபார் அதைக் கண்டித்து எழுத, து தியோனும் மிஷ்லன் முதலிய மற்ற முதலாளிகளும் விளம்பரத்தை நிறுத்திவிட்டுச் சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். 1900 ஒக்ரோபரில் மஞ்சள் தாளில் அது வெளிவந்தது. பெயர் லோத்தோ-வெலோ. பெயரைத் திருடிவிட்டார்கள் என்று ஜிஃபார் வழக்காடி வென்றார். 1903 யனவரியில் 'வெலோ' உதிர்ந்து வெறும் லோத்தோ ஆனது.

அதன் ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்ச், முன்னாள் சைக்கிள் வீரர். 1893 இல் ஒரு மணித்தியாலத்தில் 35.325 கிலோமீற்றர் ஓடிச் சாதனை வைத்தவர். பத்திரிகையோ விற்கவில்லை. 1902 நவம்பரில் ஒரு நெருக்கடிக் கூட்டத்தில், இருபத்தாறு வயது நிருபர் ஜேயோ லுஃபேவ்ர், பேச முறை வந்தபோது, ஓட்டரங்கில் ஆறு நாள் சுற்றுவதுபோல நாட்டையே சுற்றினால் என்ன என்று கேட்டார். சும்மா ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னதுதான் என்பார்கள். தெக்ராஞ்சுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. காசுப் பொறுப்பாளர் விக்தோர் கோதே பெட்டியைத் திறந்துவிட்டதும் ஆசிரியரின் மனமும் திறந்தது.

1903 யூலை 1 ஆம் திகதி, பாரிஸுக்குத் தெற்கே மோஞ்ரோன் என்ற இடத்தில் ஒரு மதுச்சாலை முன்னால் அறுபது பேர் புறப்பட்டார்கள். முதற்கட்டம் லியோன் வரை 467 கிலோமீற்றர். ஆறு கட்டம், 2,428 கிலோமீற்றர். இரவிரவாக ஓட்டம். முடித்தவர்கள் இருபத்தொருவர். வென்றவர் மொரிஸ் காரான். இத்தாலி மலைப் பகுதியில் பிறந்து பிரான்ஸுக்குப் பிழைக்க வந்து சிறுவயதில் புகைக்கூண்டு துடைத்தவர். இரண்டாமவரை விட ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் முந்தி வந்தார்.

தெக்ராஞ்ச் பந்தயத்தோடு போகவேயில்லை. தோற்றால் பழி தனக்கு வரக்கூடாது என்ற கணக்கு. லுஃபேவ்ரைத்தான் அனுப்பினார். அவர் ரயிலிலும் சைக்கிளிலுமாக மாறி மாறித் துரத்தினார். அவரே நடுவர், அவரே நேரக்கணக்கர், அவரே நிருபர். இருட்டில் வீதியோரம் நின்று புழுதிமூடிய முகங்களை அடையாளம் பிடிப்பார். பிறகு ரயில் நிலையத்துக்கு ஓடுவார். முந்நூறு, நானூறு கிலோமீற்றர்க் கட்டத்தில் ஒரு மனிதன் தன் கண்ணால் கண்டது எவ்வளவு இருக்கும்? மிச்சம் முழுக்க அனுமானமும் எழுத்தும்தான். பாரிஸில் உட்கார்ந்திருந்த தெக்ராஞ்ச் அதற்குமேல் சாந்து பூசினார். பந்தயம் தொடங்கிய நாளின் தலையங்கத்தை அவர் எமில் ஸோலாவின் நாவலில் வரும் உழவனின் கையசைப்பை நினைவுகூர்ந்து ஆரம்பித்தார். த்ரைஃபுஸுக்காக எழுதி நாட்டைவிட்டே ஓடவேண்டி வந்தவர் ஸோலா. த்ரைஃபுஸின் எதிரிகள் காசு போட்டு நடத்திய பத்திரிகை அவருடைய உழவனை இரவல் வாங்கித் தன் காவியத்தைத் தொடங்கியது. நல்ல வசனம் என்றால் யாருடையது என்று ஆசிரியர்கள் பார்ப்பதில்லைப் போலும்.

விற்பனை சுமார் 25,000 இலிருந்து 65,000 ஆனது. லு வெலோ அடுத்த வருடமே மூடப்பட்டது. 1923 அளவில் லோத்தோ நாளொன்றுக்கு ஐந்து இலட்சம். 1933 பந்தயத்தின்போது எட்டரை இலட்சத்தைத் தாண்டியது. 1919 இல் முன்னணி வீரருக்கு அணிவிக்கத் தொடங்கிய மஞ்சள் மேற்சட்டை, பத்திரிகைத் தாளின் நிறம் என்பதே பொதுவான விளக்கம். இத்தாலியிலும் இதே கதைதான். அங்கே லா கஸெத்தா தெல்லோ ஸ்போர்ட் பத்திரிகை 1909 இல் ஜீரோ பந்தயத்தைத் தொடங்கியது. அதன் தாள் இளஞ்சிவப்பு. 1931 இலிருந்து முன்னணி வீரரின் சட்டையும் இளஞ்சிவப்பு. வெல்பவர் பத்திரிகையை உடுத்திக்கொண்டு ஓடுகிறார் என்றே சொல்லலாம்.

பந்தயமும் தனதே, செய்தியும் தனதே என்றால் உண்மைக்கு என்ன நடக்கும்? 1904 இல் சனம் இருட்டில் வழிமறித்து வீரர்களை அடித்தது. வீரர்கள் ரயிலேறி வந்தார்கள். டிசம்பரில் முதல் நால்வரையும் தகுதிநீக்கி, பத்தொன்பது வயது ஆன்றி கோர்னேயை வெற்றியாளராக்கினார்கள். தெக்ராஞ்ச், இந்தப் பந்தயம் தன் வெற்றியாலேயே செத்துவிட்டது, இனி இல்லை என்ற பொருளில் இரங்கல் எழுதினார். அந்த இரங்கலும் விற்றது. அடுத்த வருடம் பந்தயமும் நடந்தது.

1910 இல் பிரனே மலைகளைச் சேர்க்கவேண்டும் என்று லோத்தோவின் அல்ஃபோன்ஸ் ஸ்தெய்னெஸ் நச்சரித்தார். போய்ப் பார்த்துவா என்று அனுப்பினார்கள். தூர்மலேக் கணவாயில், உச்சிக்குச் சில கிலோமீற்றர் கீழே கார் பனியில் புதைந்தது. ஸ்தெய்னெஸ் இருட்டில் நடந்தார், வழுக்கி விழுந்தார், தேடிவந்தவர்கள் அவரைக் கண்டெடுக்க நடுச்சாமம் கழிந்துவிட்டது. அங்கிருந்து பாரிஸுக்கு அவர் அடித்த தந்தியின் சாரம்: தூர்மலேயைக் கடந்தேன், பாதை மிக நன்று, தாராளமாக ஓடலாம்.

இந்தத் தந்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. உடனே சிரிப்பு நின்றும்விடுகிறது. அது ஒரு நிருபரின் நேரடி அறிக்கை. போனார், பார்த்தார், எழுதினார். எழுதியது மட்டும் பொய். அந்தப் பொய்யை நம்பி யூலை 21 ஆம் திகதி வீரர்கள் லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீற்றருக்குப் புறப்பட்டார்கள். ஓபிஸ்க் கணவாயில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிவந்த ஒக்தாவ் லபீஸ், நின்றிருந்த அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார். அந்தத் திட்டு இன்று பந்தயப் புராணத்தின் தங்க வரிகளில் ஒன்று. எதையும் காவியமாக்கத் தெரிந்தவர்களிடம் திட்டிக்கூடப் பயனில்லை.

1913 இல் யூஜென் கிறிஸ்தோஃபுக்கு அதே தூர்மலேயின் இறக்கத்தில் முன்சில்லைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முறிந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, சாந்த்-மரி-து-காம்பான் கிராமத்தின் கொல்லன் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார். பிறர் உதவி பெறக்கூடாதென்பது விதி. தானே இரும்பைக் காய்ச்சி அடித்தார். பந்தய அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தி ஊதியது ஒரு சின்னப் பையன். அதற்குத் தண்டனையாகப் பத்து நிமிடம் கூட்டினார்கள். பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். நான்கு மணித்தியாலம் போல இழந்தவருக்கு மூன்று நிமிடம் என்ன, பத்து என்ன. இன்று அந்தக் கிராமத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. விதியை இயற்றியவர், மீறலைக் கண்டுபிடித்தவர், தண்டித்தவர், கண்ணீர் வரும்படி எழுதியவர் எல்லாரும் ஒரே நிறுவனத்துச் சம்பளக்காரர்கள்.

இந்த வட்டத்துக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்தது 1924 இல். அல்பேர் லோந்த்ர் அப்போது பிரான்ஸின் பேர்போன நிருபர். முந்திய வருடம் தென்னமெரிக்காவின் கயேன் தீவுச் சிறைக்குப் போய், அங்கே பிரான்ஸ் தன் கைதிகளை எப்படி அழுகவிடுகிறது என்று எழுதி நாட்டை உலுக்கியவர். லு பெத்தி பாரிசியான் பத்திரிகை அவரைச் சைக்கிள் பந்தயத்துக்கு அனுப்பியது. அவருக்குச் சைக்கிளோட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கென்னவோ அதுதான் அவருடைய பலம் என்று படுகிறது. காவிய மொழியை அவர் பழகியிருக்கவில்லை.

யூன் 26 ஆம் திகதி. ஷெர்பூரிலிருந்து ப்ரெஸ்த் வரையான கட்டம். முந்திய வருடம் வென்ற ஆன்றி பெலிசியே, தம்பி ஃபிரான்சிஸ், கூட்டாளி மொரிஸ் வில் மூவரும் வழியில் பந்தயத்தை விட்டுவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. மற்ற நிருபர்களின் வண்டிகள் பந்தயத்தோடு போகின்றன. லோந்த்ர் காரைத் திருப்பச் சொல்கிறார். கூத்தான்ஸ் ரயில் நிலையத்தடி தேநீர்ச்சாலையில் மூவரும் சொக்லேற் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று கேட்கிறார்.

நடந்தது ஒரு சட்டை. புறப்படுவது நள்ளிரவு கழிந்த குளிரில். அதனால் ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சட்டை போடுவார்கள். வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றி எறிவார்கள். கொண்டுபோன எதையும் வழியில் எறியக்கூடாது என்பது தெக்ராஞ்சின் விதி. அன்று காலை ஓர் அதிகாரி வந்து ஆன்றியின் உடுப்பைத் தூக்கி எத்தனை சட்டை போட்டிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தார். முப்பத்தைந்து வயது மனிதனின், நாட்டின் முதல் வீரனின் உடுப்பை. அந்த அவமானம் பொறுக்காமல்தான் இறங்கிவிட்டார். பேச்சு வளர வளர மூவரும் பைகளைத் திறந்து மேசையில் கொட்டினார்கள். கண்ணுக்குக் கொக்கெயின். முரசுக்குக் குளோரோஃபோம். பெட்டி பெட்டியாக மாத்திரைகள். நாங்கள் மருந்தில்தான் ஓடுகிறோம் என்றார்கள். கால்விரல் நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போவதையும் சொன்னார்கள்.

மறுநாள் அது அச்சில் வந்தது. லோந்த்ர் அலங்காரம் ஏதும் சேர்க்கவில்லை. கேள்வி, பதில், மேசையில் கிடந்த பொருட்கள், அவ்வளவுதான். கயேன் கைதிகளைக் கண்டுவந்த கண்ணோடு அவர் எழுதியதால், 'வீதியின் சிறைக்கைதிகள்' என்ற தொடர் அந்தக் கட்டுரைகளோடு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் நூலாகத் தொகுத்தபோது அதுவே தலைப்பானது.

ஆனால் கதை இவ்வளவு நேராகவும் இல்லை. பல வருடங்கள் கழித்து ஃபிரான்சிஸ் பெலிசியே, அந்த மனிதருக்குச் சைக்கிள் பற்றி ஒன்றும் தெரியாததால் நாங்களும் கொஞ்சம் கூட்டிச் சொன்னோம் என்றார். ஆனாலும் அந்த வாழ்க்கை சுகமாக இருக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கு இரண்டும் உண்மையாகவே படுகிறது. அகதி விசாரணை அதிகாரியின் முன்னால் உட்கார்ந்த எவருக்கும், நடந்த கொடுமையைக் கேட்பவர் நம்பும் அளவுக்குக் கூட்டிச் சொல்வதென்றால் என்னவென்று தெரியும்.

லோந்த்ரின் முடிவு எங்கள் கடலோடு தொடர்புடையது. 1932 இல் சீனாவிலிருந்து அவர் திரும்பிக்கொண்டிருந்த ஜோர்ஜ் ஃபிலிப்பார் என்ற புத்தம்புதிய பிரெஞ்சுக் கப்பல் கொழும்பில் தரித்துப் புறப்பட்டு, மே 16 அதிகாலையில் ஏடன் வளைகுடாவில் தீப்பற்றியது. லோந்த்ர் தப்பவில்லை. பெரிய செய்தி ஒன்றோடு வருவதாகக் கப்பலில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அது என்னவென்று எவருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அவருடைய பெயரில் வழங்கப்படும் பரிசுதான் பிரெஞ்சுப் பத்திரிகையாளர்களுக்கு இன்றும் முதற்பெரும் பரிசு.

எல்லாக் காவியமும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 1949 இல் மிலானின் கொரியேரே தெல்லா சேரா பத்திரிகை நாவலாசிரியர் தீனோ புட்சாத்தியை ஜீரோவுக்கு அனுப்பியது. வீதிப் பந்தயம் எதையும் அவர் அதற்கு முன் கண்டதில்லை. ஃபவுஸ்தோ கோப்பி, ஜீனோ பார்த்தலி என்ற இருவருக்காக இத்தாலியில் குடும்பங்கள் பிரிந்து நின்ற காலம் அது. யூன் 10 ஆம் திகதி, கூனியோவிலிருந்து பினெரோலோவரை 254 கிலோமீற்றர், வழியில் ஐந்து கணவாய்கள். முதல் மலையிலேயே கோப்பி தனியே போய்விட்டார். 192 கிலோமீற்றர் தனியாக. பார்த்தலி பதினொரு நிமிடம் 52 விநாடி பிந்தி வந்தார். புட்சாத்தி அன்று எழுதியது வென்றவரைப் பற்றியல்ல. முப்பத்தைந்து வயதாகவிருந்த பார்த்தலி, சேறு பூசிய முகத்தோடு, தன் காலம் முடிவதைத் தானே அறிந்துகொண்டு மிதிப்பதைத்தான் எழுதினார். அக்கிலீஸின் முன் நின்ற ஹெக்டரை நினைத்துக்கொண்டார். எங்களுக்கு அந்த இடத்தில் தேர் புதைந்து நின்ற கர்ணன் நினைவுக்கு வருவான். போர் முடிந்து நான்கு வருடம், இடிபாடுகள் இன்னும் அள்ளப்படாத நாடு. முதுமையை எழுதுவதற்கு அந்த மனிதருக்கு ஒரு சைக்கிள் பந்தயம் கிடைத்தது. அதில் மிகை இருக்கிறது, மோசடி இல்லை.

வானொலிக்காரர்களும் அப்படித்தான். 1929 இலிருந்து பந்தயத்தை வானொலிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான அலெக்ஸ் விரோ, 1957 இல் பிரனே மலையில் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து, ஓட்டுநரோடு இறந்தார். அவர் பார்ப்பதற்காகவே உயிரைக் கொடுத்தவர்.

பார்க்காமல் விட்டவர்களும் உண்டு. 1942 யூலை 16, 17 ஆம் திகதிகளில் பிரெஞ்சுப் பொலிஸ் பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் 13,000 யூதர்களைப் பிடித்தது. அவர்களில் ஏறத்தாழ எண்ணாயிரம் பேரை, நாலாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் சேர்த்து, குளிர்கால சைக்கிள் அரங்கில் அடைத்தார்கள். சரியான தண்ணீரில்லை, மலசலகூடமில்லை. அங்கிருந்து முகாம்களுக்கும் பிறகு அவுஷ்விட்ஸுக்கும். அந்த அரங்கின் நிர்வாகி ஜாக் கோதே. விக்தோரின் மகன், தெக்ராஞ்ச் 1940 இல் இறந்தபின் லோத்தோவின் தலைவர். ஜேர்மனியர்களுக்காகத் தூர் து பிரான்ஸை நடத்த அவர் இணங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். லோத்தோ ஆக்கிரமிப்புக் காலம் முழுக்க வெளிவந்து, 1944 இல் விடுதலையோடு மூடப்பட்டது. 1946 பெப்ரவரியில் லெக்கிப் என்ற பெயரில் அவர் தொடங்கியதுதான், பின்னாளில் நான் வாளிக்குப் பக்கத்தில் எடுத்து வாசித்த பத்திரிகை. மஞ்சள் தாள் மட்டும் போய்விட்டது. ஒரே நகரத்தில் ஒரே கூரைக்குக் கீழே இந்த இரண்டும் நடந்தன என்று அறிந்தபோது எனக்கு ஏற்கெனவே பிரெஞ்சு நன்றாக வரும். ஆனாலும் அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை வாசித்துத்தான் நம்பினேன்.

போருக்குப் பிந்திய காலம் இந்த எழுத்தின் பொற்காலம் என்பார்கள். அந்துவான் ப்ளோந்தான் என்ற நாவலாசிரியர் 1954 இலிருந்து 1982 வரை இருபத்தேழு பந்தயங்களைத் தொடர்ந்து லெக்கிப்பில் 524 பத்திகள் எழுதினார். சிலேடையும் மதுவாசனையும் கலந்த எழுத்து. மொழிபெயர்த்தால் செத்துவிடும். பியேர் ஷானி நாற்பத்தொன்பது பந்தயங்களைத் தொடர்ந்து, ஐம்பதாவது தொடங்கச் சில நாட்கள் இருக்க 1996 இல் இறந்தார். இவர்கள் காரில் வீரர்களோடு போனார்கள், ஒரே விடுதியில் தங்கினார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அதனால் அவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. அதனாலேயே எல்லாவற்றையும் எழுதமுடியவில்லை. வீரர்கள் மருந்தெடுப்பது எல்லோரும் அறிந்த செய்தி; ஐந்து முறை வென்ற ஜாக் ஆங்க்தில் அதை ஒளிக்கவுமில்லை. ஆனால் 'சூப்பில் துப்பாதே' என்று பிரெஞ்சில் ஒரு சொல்வழக்கு உண்டு. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நாங்கள் சொல்வது. பாரிஸில் தமிழ்ப் பத்திரிகை நடத்திப் பார்த்த எவருக்கும் இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

1967 யூலை 13. கொடும் வெயிலில் வோந்தூ மலையேற்றத்தில் இங்கிலாந்து வீரர் டொம் சிம்சன் விழுந்தார். தூக்கி ஏற்றினார்கள், கொஞ்சத் தூரம் போய் மறுபடி விழுந்தார், இறந்தார். சட்டைப் பையில் அம்பெற்றமின் குளிசைக் குப்பிகள். 'என்னைத் திரும்ப சைக்கிளில் ஏற்றுங்கள்' என்பது அவருடைய கடைசி வார்த்தை என்று உலகமே நம்புகிறது. அந்த வாசகத்தை அமைத்தவர் சிட் சோல்ட்மார்ஷ் என்ற ஆங்கில நிருபர். அவர் அந்த இடத்திலேயே இல்லை. பக்கத்தில் நின்ற மெக்கானிக் கேட்டது 'போ, போ, போ' என்ற முணுமுணுப்பைத்தான். ஒரு மனிதனின் சாவுக்கு மேல் அழகான வசனத்தைப் போர்த்திவிட்டால், குப்பியில் என்ன இருந்தது என்று கேட்க மனம் வராது. கேட்டவர் ஜே. எல். மானிங் என்ற இன்னொரு நிருபர். அந்த மாதம் முடியுமுன் டெய்லி மெயிலில் எழுதினார். ஊக்கமருந்துச் சோதனை கடுமையானது.

ஆனால் 1998 இல் ஃபெஸ்தினா அணியின் காரில் பெட்டி பெட்டியாக மருந்தைப் பிடித்தவர்கள் சுங்க அதிகாரிகள். பந்தயத்தின் பின்னால் திரிந்த நிருபர் படை அல்ல.

அடுத்த வருடம் புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் வென்றார். அதைவிட நல்ல கதையை எந்த ஆசிரியரும் கேட்டிருக்கமுடியாது. லு மோந்த் பத்திரிகை அவருடைய சோதனையில் கோர்ட்டிகொஸ்டிரொயிட் தடயம் இருந்ததை அந்த யூலையிலேயே எழுதியது. பூசு மருந்து என்று ஒரு வைத்தியர் சீட்டு காட்டப்பட்டது; அந்தச் சீட்டு பின்திகதியிட்டது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதே பந்தயத்தில் ஓடிக்கொண்டே லு பாரிசியானில் பத்தி எழுதிய கிறிஸ்தோஃப் பசோன், மருந்தில்லாமல் இந்த வேகம் சாத்தியமில்லை என்ற கருத்தில் எழுதினார். ஆம்ஸ்ட்ரோங் ஓட்டத்தின் நடுவே பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போ என்றார். சக வீரர்கள் எவரும் பசோனோடு பேசவில்லை. சில நாளில் அவர் விலகிப் போனார். 1924 இல் வீரர்கள் இறங்கிவந்து நிருபரிடம் உண்மையைச் சொன்னார்கள். 1999 இல் உண்மையைச் சொன்னவரை வீரர்களே இறக்கிவிட்டார்கள்.

சண்டே டைம்ஸின் டேவிட் வோல்ஷ், பிரெஞ்சு நிருபர் பியேர் பலெஸ்தேரோடு சேர்ந்து, ஆம்ஸ்ட்ரோங் அணியின் உடற்பிடிப்பாளராக இருந்த எம்மா ஓரைலியின் சாட்சியோடு 2004 இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த வருடப் பந்தயத்தில், வழமையாக அவரோடு காரைப் பகிர்ந்துவந்த சக நிருபர்கள் அவரை ஏற்ற மறுத்தார்கள். ஏற்றினால் தங்களுக்கு ஆம்ஸ்ட்ரோங்கின் அணி வாய்திறக்காது என்ற பயம். மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, ஆசிரியர் பேட்டி கேட்கிறார். ஆம்ஸ்ட்ரோங் வழக்குப் போட்டார். பத்திரிகை பணம் கட்டிச் சமாதானமானது. 2005 ஓகஸ்ட் 23 இல் லெக்கிப், 1999 இன் சேமித்த மாதிரிகளில் ஈபிஓ மருந்து இருந்ததை முதற்பக்கத்தில் போட்டது. பந்தயத்தை நடத்தும் நிறுவனமும் லெக்கிப்பும் ஒரே குழுமத்துக்குச் சொந்தம். தெக்ராஞ்சின் வீட்டிலிருந்தே அந்தத் தலைப்பு வந்தது என்பதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஏழு பட்டங்களும் 2012 இல் பறிக்கப்பட்டன. ஒப்புதல் வாக்குமூலம் 2013 யனவரியில், ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நாற்காலியில்.

இப்போது எல்லாக் கட்டங்களையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேரலையில் காட்டுகிறார்கள். 2017 இலிருந்து அப்படி. ஹெலிகொப்டர் இருக்கிறது, ஒவ்வொரு சைக்கிளின் கீழும் இடங்காட்டும் கருவி இருக்கிறது. இனி நிருபருக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். வோல்ஷ் கண்டுபிடித்ததை எந்த ஹெலிகொப்டர் காட்டியது?

2025 யூலை 27 ஆம் திகதி கடைசிக் கட்டம் முதல் முறையாக மொம்மார்த்ர் மேட்டில் மூன்று தடவை ஏறிப் போனது. லா ஷப்பல் கடைத்தெருவிலிருந்து நடந்துபோகிற தூரம். அக்காவின் மகனோடு போய் லெபிக் வீதியின் வளைவொன்றில், மழைக்குள், மூன்று மணித்தியாலம் நின்றேன். கடைசிச் சுற்று வந்தது. முன்னால் மஞ்சள் சட்டை போனதாக எனக்குப் பட்டது. கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். பையன் இங்கே பிறந்தவன்; நனைந்த கைபேசியைத் துடைத்துப் பார்த்தான்.

"மாமா, மஞ்சள் இல்லை. வான் ஆர்ட். போகாச்சரை விட்டிட்டுத் தனியப் போட்டான். இந்த ஏத்தத்திலதானாம். நீங்கள் கண்டனீங்களோ?"

நான் காணவில்லை. அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும்போது கார் து நோர் நிலையத்தில் லெக்கிப் ஒன்று வாங்கினேன்.